சனிக்கிழமைக் கூலி
மரக்காணக் கரையின் மேஸ்திரிமார்களுக்கு ஒரு திறந்த மடல்



மரக்காணத்து உப்பளங்களுக்கும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கும் இடைப்பட்ட கடற்கரையிலும், பெருமுக்கல் வழியாகத் திண்டிவனம் போகும் சாலையின் இரு மருங்கிலும், கட்டட வேலையும் வர்ண வேலையும் எடுத்து நடத்துகிற மேஸ்திரிமார்களாகிய உங்களையும், உங்களுக்கு மேலே இருந்து வேலையைப் பிரித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர்களையும் கருதி இம்மடலை எழுதத் துணிகிறேன். கிளை அஞ்சலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்திய கை இது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் உங்கள் வீடுகளுக்கு வந்த கடிதங்களை, படிக்கத் தெரியாத தாய்மார்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொன்ன வாயும் இதுவே. ஆகையால், வேலையின் கஷ்டம் அறியாத எவனோ ஒருவன் வெளியே நின்று புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று எண்ணாமல், உங்கள் ஊர்க்காரன் ஒருவன் மனம் பொறுக்காமல் பேசுகிறான் என்று கருதி, சற்றுப் பொறுமையோடு இதை வாசிக்க வேண்டுகிறேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்கு மாடி எடுத்தேன். நம் பக்கத்துச் சுவர்களின் சுபாவம் உங்களுக்குத் தெரியாததன்று. கழுவேலிப் பக்கமிருந்து வீசும் காற்றில் உப்பு இருக்கிறது, போர்த் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, எவ்வளவு நல்ல சிமெண்டானாலும் நாலைந்து மழை கண்டால் சுவர் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காய் உதிரத் தொடங்கிவிடுகிறது. பழைய சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து வர்ணம் அடிக்க மூன்று பேர் வந்தார்கள். இருவர் திண்டிவனத்துக்காரர்கள். மூன்றாமவர் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டியதும் அவர்தான், அதன் உச்சிப் பலகையில் ஏறி நின்றதும் அவர்தான். உப்புத்தாளை மடித்துச் சுவரைத் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்து, கண்களை மூடிக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் மேலிருந்து கீழே ஒருமுறை மெல்ல இழுப்பார். கண்ணுக்கு அகப்படாத மேடு பள்ளம் அந்தக் கைக்கு அகப்படும். "இன்னும் ஒருக்கால் தேய்க்கோணும், ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தொடங்குவார். மற்ற இருவரும் டீ குடிக்க இறங்கிய பின்னும் அந்த உப்புத்தாளின் ஓசை மேலே கேட்டுக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை மாலை மேஸ்திரி வந்தார். காலியான பட்டி மூட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் நோட்டுகளை அடுக்கி எண்ணினார். ஆறு நாள் வேலைக்குத் திண்டிவனத்துக்காரர் இருவருக்கும் தலா 5,400 ரூபாய் போயிற்று. முகாமிலிருந்து வந்தவருக்கு 4,200. ஒரே சுவர், ஒரே சாரம், ஒரே ஆறு நாள். பணத்தை வாங்கியவர் அதை எண்ணிப் பார்க்கக்கூட இல்லை; இரண்டாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசப் போய்விட்டார். மேஸ்திரியிடம் தனியே கேட்டேன். "அவங்க முகாம் ஆளுங்க சார், அவங்களுக்கு அதான் ரேட்டு" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது என்று சொல்வதுபோல் சொன்னார். மறுநாள் அந்தப் பெயின்டரிடமே கேட்டேன். அவர் பதில் இவ்வளவுதான்: "கேட்டால் நாளைக்குக் கூப்பிடமாட்டினம், ஐயா."

நான் அத்துடன் விட்டுவிட்டேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய தொகையை மேஸ்திரியிடம் கொடுத்தாயிற்று, அதற்குமேல் அவர்கள் பாடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து, மழை விட்டும் விடாத ஒரு காலை வேளையில், வேறோர் ஊரில், நனைந்த சாரக் கட்டை வழுக்கி அவர் கீழே விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த வேலையை எடுத்திருந்தவர் கட்டுப் போட 2,000 ரூபாய் கொடுத்தார். அதன்பின் அவருடைய போன் அழைப்பை எடுக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம், நான் துணைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அவர் பயந்தார். அகதியாய்ப் பதிவு செய்துகொண்டு இருக்கிறவன் வழக்கு வியாஜ்ஜியம் என்று போனால் அந்தப் பதிவுக்கே ஆபத்து வருமோ, அகதிகளைக் கண்காணிக்கும் க்யூ பிராஞ்சு போலீசார் விசாரிப்பார்களோ என்று அவர் மனைவியும் பயந்தார். மணிக்கட்டு கூடியது, ஆனால் முழுதும் திரும்புவதில்லை. இப்போது இடது கையால் உப்புத்தாள் மட்டும் தேய்க்கிறார். உங்களுக்கு இந்த மடலை எழுதச் செய்தது அந்த இடது கைதான்.

முகாம் ஆள் என்று நீங்கள் ஒரு சொல்லில் முடித்துவிடுகிற மனிதர் யார் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1983 ஜூலை மாதத்துக் கொலைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறத் தொடங்கினார்கள். 1989க்கும் 1991க்கும் இடையில் இரண்டாவது அலை வந்தது. 1996இலும், போர் முற்றிய 2006இலும் மறுபடியும் வந்தார்கள். எல்லாமாகச் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களிற் பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு தேசங்களுக்குப் போனார்கள். இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வசிக்கிறார்கள். முகாமுக்கு வெளியே, போலீஸ் பதிவோடு, முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். என் வீட்டுச் சுவரைத் தேய்த்தவர் 1990இல், பத்துப் பன்னிரண்டு வயதில், மன்னாரிலிருந்து தகப்பனார் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து இராமேசுவரம் கரையில் இறங்கியவர். மண்டபம் முகாமில் பதிவு செய்து, அங்கிருந்து நம் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய பிள்ளைகள் மூவரும் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். மூத்தவன் பட்டம் பெற்றிருக்கிறான். ஆனால் வேலைக்கு மனுப் போட்ட இடங்களில் பிரஜாவுரிமைச் சான்று கேட்டார்கள். இன்று தகப்பனார் இறங்கிய சாரத்தில் அவன் ஏறி நிற்கிறான். தமிழ்நாட்டு முகாம்கள் எதற்குப் போனாலும் வர்ணம் அடிக்கிற தொழிலில் இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் என்ன என்று நீங்கள் யோசித்ததுண்டா? அந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் வேண்டாம், முதலீடு வேண்டாம், ஒரு தூரிகையும் உயரத்துக்கு அஞ்சாத மனமும் போதும். மற்றக் கதவுகள் யாவும் சாத்தியிருக்க, திறந்திருந்த ஒரே கதவு வழியாக ஒரு சமூகமே நுழைந்திருக்கிறது.

இவர்களிலே ஒரு பெரும் பகுதியினர் மலையகத்தார். அவர்களுடைய பாட்டன் பூட்டன் நம் சோழ மண்டலத்திலிருந்தும் பாண்டி மண்டலத்திலிருந்தும் கண்டிச் சீமைக்குத் தேயிலைக் கூலிகளாய்ப் போனவர்கள். 1948இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று, மந்தையைப் பாகம் பிரிப்பதுபோல் பிரித்தது. ஏற்பதாகச் சொல்லப்பட்டும் காகிதம் கைக்கு வராத பலர், பின்னர் கலகங்களில் அடிபட்டு, அகதிகளாகவே வந்து சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட அறுபத்தைந்து பேர் தொடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம் என்றும் அரசாங்கம் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். பூர்விகத்தால் நம்முடைய உறவினராயிருக்கிறவரைத்தான் நாம் "அவங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சர்க்கார் இவர்களை என்னவாக வைத்திருக்கிறது என்பது அடுத்த விஷயம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2003இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, தக்க பத்திரமின்றி வந்தவர் எவரும் சட்டவிரோதக் குடியேறி என்றாயிற்று; அத்தகையவர் பதிவு செய்து பிரஜையாகும் வழியும் அடைபட்டது. 2019ஆம் வருஷத்துத் திருத்தம் மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தபோது இலங்கை அந்த மூன்றில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: 2015 ஜனவரி 9ஆம் தேதிக்கு முன் வந்து அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டிப்பதிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. தலைக்குமேல் தொங்கிய கத்தியை அகற்றிய வகையில் அது நன்மையே. ஆனாலும் அது பிரஜாவுரிமையன்று. இன்ன வேலையை இன்ன உரிமையோடு செய்யலாம் என்று அவர்கள் கையில் கொடுக்கிற பத்திரமும் அன்று. மாநில அரசு 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரையே மாற்றி மறுவாழ்வு முகாம் என்றாக்கி, 317 கோடி ரூபாயில் 7,469 வீடுகள் முதலிய திட்டங்களை அறிவித்தது. நம் கீழ்ப்புத்துப்பட்டிலும் புது வீடுகள் எழும்பின. வீடு வந்தது. ஆனால் அந்த வீட்டிலிருந்து காலையில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவன், தொழிலாளி என்கிற அந்தஸ்தோடு புறப்படுகிறானா என்றால், இல்லை. வேலைக்குப் போகாதே என்று யாரும் தடுப்பதில்லை. வேலை செய்ய உனக்கு உரிமையுண்டு என்று யாரும் எழுதிக் கொடுப்பதுமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலே உள்ள இடைவெளியில்தான், மேஸ்திரிமார்களே, நாளொன்றுக்கு அந்த இருநூறு ரூபாய் உங்கள் பைக்கு வருகிறது.

அந்த இடைவெளி சட்டத்திலும் இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அந்த நினைப்புத் தவறு என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அது தொழிலாளி என்பதற்குச் சொல்லும் இலக்கணத்தில், கூலிக்காக வேலையில் அமர்த்தப்பட்ட எந்த நபரும் என்றுதான் இருக்கிறதேயொழிய, எந்தப் பிரஜையும் என்று இல்லை. 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே. அது பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே தவிர, வேலை செய்கிறவனுடைய தேசத்தை விசாரிக்கவில்லை. தினக் கூலியானால் அன்றைய வேலை முடிகையிலும், வாரக் கூலியானால் வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலும் பணம் கைக்கு வந்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. தராமல் நிறுத்திய கூலியை மூன்று வருஷம் வரை கேட்கலாம் என்கிறது. அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு, கட்டாய உழைப்பைத் தடை செய்கிறபோது, பிரஜைக்கு மட்டும் என்று ஒரு வரம்பு வைக்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் வழக்கில், 1982இல், நீதிபதி பகவதி தலைமையில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவனிடம் வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வறுமையால் அவன் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் சம்மதமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

விபத்து விஷயத்தில் இன்னும் பழைமையான கடமை இருக்கிறது. வேலையில் அடிபட்டவனுக்கு ஈட்டுத்தொகை தரவேண்டும் என்று 1923லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சட்டம் பிறந்துவிட்டது. புதிய தொகுப்புகளிலும் அக்கடமை தொடர்கிறது. விழுந்தவன் எந்த ஊரில் பிறந்தான் என்பதை அந்தச் சட்டம் கேட்பதில்லை. எந்த வேலையில் விழுந்தான், அவனை வேலைக்கு வைத்தது யார் என்பதைத்தான் கேட்கிறது. ஆகவே 2,000 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு போனை எடுக்காமல் இருந்தவர், தரும சிந்தையால் கொஞ்சம் கொடுத்தவர் ஆகமாட்டார். தரவேண்டிய கடனில் பெரும் பகுதியைத் தராதவர்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அரசு விதித்த குறைந்தபட்சத்துக்கு மேல்தான் நாளுக்கு எழுநூறு கொடுக்கிறேன், உள்ளூர்க்காரனுக்குத் தொள்ளாயிரம் கொடுப்பது என் இஷ்டம் என்று உங்களில் ஒருவர் வாதித்தால், அந்த இருநூறு ரூபாய் வித்தியாசத்தைப் பிடித்து உங்களைக் கோர்ட்டில் நிறுத்துவது எளிதாயிராது. எல்லா அநியாயத்துக்கும் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்துவிடுவதில்லை. ஆனால் உங்கள் கணக்கை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முகாம் ஆளுக்கு எழுநூறு என்று ஆனபின், அடுத்த வேலையில் திண்டிவனத்துக்காரனைத் தொள்ளாயிரத்துக்கு ஏன் கூப்பிடவேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். அவனும் எண்ணூறுக்கு இறங்கி வருவான். வந்ததும், அகதிகள் வந்து நம் கூலியைக் கெடுத்தார்கள் என்று அவன் முகாமைப் பார்த்துத் திட்டுவான். கெடுத்தவர் அகதியா? அகதி என்பதற்காக ஒரு மனிதனுக்குத் தனி விலை வைத்த கையல்லவா கெடுத்தது? உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பாற்றுவதற்கு இந்தக் கரையில் ஒரே வழிதான் உண்டு. முகாமிலிருந்து வருகிறவனுக்கும் அவனுக்கும் ஒரே கூலி என்று ஆக்கிவிடுவது.

செக்கிங் அன்று வேலைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் குறைத்துக் கொடுக்கிறோம் என்று ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னார். முகாமில் அதிகாரிகள் தலையெண்ணும் நாளில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிடில் உதவித்தொகை நிற்கும், பதிவிலும் சிக்கல் வரும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை நடந்தாலும், பாதியில் போட்டுவிட்டு இரவோடிரவாகப் பஸ் ஏறி வருகிறார்கள். வராத நாளுக்குக் கூலி கொடுக்க யாரும் கேட்கவில்லையே! வந்த நாளுக்குக் குறைப்பானேன்?

தொழில் செய்வதற்கான காகிதமே மனிதனைக் கட்டும் கயிறாய் மாறுவது எப்படி என்பதை நம் இனத்தவர் நன்றாய் அனுபவித்திருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. கங்காணியின் கீழிருக்கும் கூலிகள் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதை அடைத்தால் இவர்களை வேறு தோட்டத்துக்கு விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சீட்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்துத் துரை சேர்க்கமாட்டான். கடன் கூடக்கூட ஆள் நகர முடியாது. ஆள் நகர முடியாததனால் கூலியும் கூடாது. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1927இல், இந்தியக் கூலிகளுக்கென்றே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றை இலங்கை இயற்றிற்று. நம் தேசத்தில் அப்படியொரு சட்டம் வர மேலும் இருபத்தொரு வருஷம் சென்றது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவு நம்மவருக்கு இழைத்த அநியாயங்கள் அநேகம். அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால், வேற்று நாட்டிலிருந்து வந்த கூலிக்காரன் என்றாலும் அவன் கூலிக்கு ஓர் அடித்தளம் உண்டு என்று சட்டமாய் எழுதியதும் அதே தீவுதான். அந்தத் தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்று நம் சாரத்தில் நிற்கிறார்கள்.

இனி உங்கள் வீட்டுக்குள்ளேயே வருகிறேன். பெருமுக்கல், மரக்காணம், செஞ்சி, திண்டிவனம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் வெளிநாடு போன பிள்ளை இல்லாத தெரு எது? உங்களில் சிலருடைய மக்களின் பாஸ்போர்ட் உறையை நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உறையைப் பிரித்து, நீல அட்டையை முகர்ந்து பார்த்து, சாமி படத்தின் முன் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தாயைக் கண்டிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான், மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, ஊருக்கும் வர முடியவில்லை என்ற கடிதத்தை அதே தாய்க்குப் படித்துக் காட்டியும் இருக்கிறேன். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்நிய தேசத்தில் கேட்பாரில்லை என்று எம் பிள்ளையை ஏய்க்கிறார்களே என்று சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். 2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் நெருக்கியடித்துத் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து ஐம்பது பேர் அளவில் மாண்டார்கள். நாற்பத்தைந்து பேருக்குக் குறையாமல் இந்தியர், அவர்களில் எழுவர் தமிழர், அந்த எழுவரில் ஒருவர் நம் மாவட்டத்தவர். அன்றைக்கு இந்தக் கரையில் அழாத வீடில்லை.

அந்தத் தேசங்களிலும் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அசைகிறது. பழைய முதலாளியின் அனுமதிச் சீட்டு இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று 2020இல் கத்தார் விதியை மாற்றிற்று. மறு வருஷம் மார்ச்சு மாதத்திலிருந்து, எந்தத் தேசத்தவனாயினும் மாதத்துக்கு ஆயிரம் ரியாலுக்குக் குறையாத கூலி என்றும் ஆக்கிற்று. சிங்கப்பூரிலே தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது குற்றம். அமெரிக்காவில், வேலை செய்ய அனுமதிப் பத்திரமே இல்லாதவனானாலும், செய்து முடித்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் நாடும் தன் பிள்ளைகளுக்காகச் சட்டம் செய்திருக்கிறது. வெளிநாடு போகும் தொழிலாளரைக் காப்பதற்கான குடியகல்வுச் சட்டம் 1983ஆம் வருஷத்தது. முதல் அகதிப் படகு நம் கரையில் ஒதுங்கியதும் அதே வருஷம். நம் பிள்ளை போகும் கப்பலுக்கு விளக்கு ஏற்றிய அந்தக் கையே, வந்து ஒதுங்கிய படகுக்கும் ஒரு விளக்கை ஏற்றியிருக்கலாமே என்று நான் அடிக்கடி ஏங்குவதுண்டு.

அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கத்துக்குத் தனியே எழுதுகிறேன். முப்பது நாற்பது வருஷம் இம்மண்ணில் உழைத்தவர்களுக்கும், இங்கேயே பிறந்த அவர்கள் மக்களுக்கும் பிரஜாவுரிமை தரவேண்டும். அது வருகிறவரையில், எந்தத் தொழிலையும் யாரிடமும் மறைக்காமல் செய்யலாம் என்று சொல்லும் ஓர் அனுமதிச் சீட்டையேனும் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். உங்களிடம் அதைக் கேட்கவில்லை; அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது அந்தச் சனிக்கிழமை நோட்டுக் கட்டு. வேலைக்குக் கூப்பிடும்போது பிரஜையா என்று நீங்கள் கேட்டதில்லை. உயரமான சாரத்தில் ஏற்றும்போது கேட்டதில்லை. கூலி எண்ணும்போது மட்டும் அது எப்படி ஞாபகத்துக்கு வருகிறது?

எங்கள் பெருமுக்கல் மலையிலே ஒரு குகை இருக்கிறது. எழுத்து பிறக்காத காலத்து மனிதர்கள் அதன் பாறையில் கீறிய கோடுகள் இன்றும் தெரிகின்றன. கணவனால் கைவிடப்பட்ட சீதை வந்து தங்கியது அங்கேதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சரித்திரக்காரர் இதை ஏற்கமாட்டார்கள். ஏற்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால், போக்கிடம் இல்லாமல் வந்தவளுக்கு இந்த மலை இடம் கொடுத்தது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லிவந்த ஊர் இது. அப்பெருமைக்கு நாம் இன்னும் உரியவர்களா என்பதைச் சென்ற மூன்று வருஷமாக என்னையே நான் கேட்டுக்கொண்டு வருகிறேன். என் வீட்டுச் சுவருக்காக ஒரு மனிதரிடமிருந்து ஆறு நாளில் 1,200 ரூபாய் எடுக்கப்பட்டது. அதை அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்க மறுத்தார். அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று, வேலை பேசும்போதே வீட்டுக்காரர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் தகராறு செய்தால் அவரை என்னிடம் அனுப்புங்கள். சாரத்துக்கு நைந்த கயிற்றைக் கட்டாதீர்கள். மழை நாளில் ஆள் ஏற்றாதீர்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கொடுத்துக் கைகழுவாமல், சட்டப்படி வரவேண்டிய தொகைக்கு நீங்களே மனுச் செய்யத் துணை நில்லுங்கள். கொடுத்த கூலிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். இவ்வளவு நாள் வேலை, இவ்வளவு கூலி என்று இரண்டு வரி போதும். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்த இரண்டு வரிதான் அவருடைய பாஸ்போர்ட்.

சீட்டு எழுதப் பொழுதில்லை, எழுத்து வராது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அதற்காக ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அஞ்சலகத்துப் பழக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன்: தேதி, பெயர், வேலை, கூலி, கையொப்பம். ஊர் என்றும் முகாம் என்றும் கட்டம் போடவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணையில் விளக்குப் போட்டிருக்கும். ஆட்களையும் அழைத்துக்கொண்டு அங்கே வந்து பட்டுவாடா செய்யுங்கள். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப் பழைய தபால்காரன்,
பெருமுக்கல்